“அப்போ அழகுதானே ஜெயிச்சுது?”: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழின் சிறுவர் பகுதியில் ‘அழகியும் மிருகமும்’ கதையைச் சுருக்கி வெளியிட்டிருந்தோம். மகளுக்காக ஒரு வணிகர் யாருடைய தோட்டத்திலோ ரோஜா பறிக்கிறார். தோட்டத்துக்குச் சொந்தமான மிருகம், “உன் உயிர், இல்லையென்றால் உன் மகள்” என்கிறது. மகள் போகிறாள். நாளடைவில் அதன் நல்ல மனம் அவளுக்குப் புரிகிறது. மணக்கச் சம்மதித்ததும் சாபம் நீங்கி மிருகம் இளவரசனாகிறது. இதையொட்டி வேலூர், ராணிப்பேட்டை, ஆரணிப் பக்கங்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

“மூஞ்சி முக்கியமில்ல, மனசுதான் முக்கியம்” என்று சொல்லிக் கதையை முடித்தேன். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள், “அப்புறம் ஏன் அவன் கடைசியில அழகாயிட்டான்? அப்போ அழகுதானே ஜெயிச்சுது?” என்கிறாள். என்ன சொல்வது?
– வாசகி, காட்பாடி

முதலில் “ஆமாம், நீ கேட்டது சரிதான்” என்று சொல்லிவிடுங்கள். இந்தக் கதையைப் படித்த பெரியவர்களே காலங்காலமாக மல்லுக்கட்டும் கேள்வி அது. பூசி மெழுகினால் குழந்தை கண்டுபிடித்துவிடும்.

இந்தக் கதையை 1740ல் வில்நெவ் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் நீண்ட கதையாக எழுதினார். 1756ல் போமோன் அதைச் சிறுமிகளுக்காகச் சுருக்கினார். லண்டனில் வசதியான வீட்டுப் பெண்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவந்தவர் அவர். உலகம் முழுக்கப் பரவியது இவருடைய சுருக்கம்தான். அதன் முடிவில் வரும் தேவதை அழகியிடம் சொல்வதன் சாரம் இது: அழகையும் அறிவுக் கூர்மையையும் விட நற்குணமே பெரிதென்று தேர்ந்தெடுத்தாய், அதனால் மூன்றும் ஒரே ஆளிடம் உனக்குக் கிடைக்கிறது. அசல் நற்குணம், அழகு வட்டி. வட்டியைக் கண்ணில் காட்டிவிட்டு “வட்டி முக்கியமில்லை” என்றால் எந்தக் குழந்தையும் கேட்கத்தான் செய்யும்.

ஆனால் இடம் போதாமல் சுருக்குகிறவர்கள் வெட்டியெறியும் மூன்று இடங்கள் கதையில் உண்டு. நாங்களும் வெட்டினோம், தவறுதான். உங்கள் மகளின் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

ஒன்று, அக்காமார் இருவரின் கணவர்கள். பெரியவளுக்கு வாய்த்தவன் மன்மதன் மாதிரி இருக்கிறான், நாள் முழுக்கத் தன் முகத்தையே ரசித்துக்கொண்டிருக்கிறான். இரண்டாமவளின் கணவன் மகா புத்திசாலி. அந்தப் புத்தியை ஊரில் எல்லாரையும், முதலில் பெண்டாட்டியை, குத்திப் பேசவே செலவழிக்கிறான். மிருகமோ தனக்கு அழகும் இல்லை, அறிவும் இல்லை என்று தானே சொல்கிறது. ஆக, முகம் மட்டுமல்ல, மூளையும் இங்கே பரீட்சைக்கு உட்காருகிறது. “அழகு முக்கியமில்லை, மார்க்தான் முக்கியம்” என்று பிள்ளையை வளர்க்கும் வீடுகளுக்கு இந்தக் கதை அவ்வளவு வசதியான கதை இல்லை!

இரண்டு, முதல் நாள் இரவு உணவின்போது நடக்கும் பேச்சு. “நான் அசிங்கமாகத்தானே இருக்கிறேன்?” என்று மிருகம் கேட்கிறது. “ஆமாம், எனக்குப் பொய் சொல்ல வராது. ஆனால் நீங்கள் நல்லவர் என்று நம்புகிறேன்” என்கிறாள் அழகி. “யார் சொன்னது, நீங்கள் அழகுதான்” என்று அவள் சமாதானம் செய்வதே இல்லை. கண்ணில் படுவதைக் கண்டபடி சொல்கிறாள், அதை வைத்து ஆளை எடைபோட மட்டும் மறுக்கிறாள்.

மூன்றாவது இடம்தான் உங்களுக்கு வேண்டியது. மிருகம் மறைந்து அழகான இளவரசன் காலடியில் நிற்கும்போது அழகிக்கு உடனே மகிழ்ச்சி வரவில்லை. “மிருகம் எங்கே?” என்று கேட்கிறாள். அந்த இடத்தில் கதையை நிறுத்தி, “இவ யாரைத் தேடறா?” என்று மகளிடம் கேளுங்கள். பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். ஏழு வயதுக்கு அந்த ஒரு கேள்வி போதும்.

இன்னும் ஒரு யோசனை. கதையை ஒரே இரவில் முடிக்காதீர்கள். முதல் நாள் ரோஜாவைப் பறித்ததோடு நிறுத்தினால் பதினைந்து நிமிடம் ஆகும், மறுநாள் மிச்சம். மிருகம் இரவு ஒன்பது மணிக்கு வந்து “என்னை மணந்துகொள்வாயா?” என்று கேட்பதை ஒரே வார்த்தைகளில் குறைந்தது மூன்று முறை சொல்லுங்கள். மூன்றாவது முறை குழந்தையே சொல்ல ஆரம்பித்துவிடும். மூலக்கதையில் இது மூன்று மாதம் நடக்கிறது. நாம் ஒரு வரியில் தாண்டிவிட்டால், நல்லவன் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்பதே இல்லாமல் போய், மந்திரம் மட்டும் மிஞ்சும். கடைசியில் “கதையின் நீதி என்ன?” என்று கேட்காதீர்கள், அது பள்ளிக்கூடம். “அவன் நல்லவன்னு அவளுக்கு எதைப் பார்த்துத் தெரிஞ்சுது?” என்று கேளுங்கள். புத்தக அறை வைத்துக் கொடுத்தது, முடியாது என்றபோதும் கோபப்படாதது, அப்பாவைப் பார்க்க அனுப்பியது என்று பிள்ளைகள் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வார்கள்.

என் மாமியார் பேத்தியைக் கொஞ்சும்போதெல்லாம் “கருப்பா கீறா, இருந்தாலும் களையா கீறா” என்கிறார். பாசத்தில்தான் சொல்கிறார். நானும் அதைச் சரிக்கட்ட “உனக்கு மனசு அழகுடா” என்கிறேன். சரியா?
– வாசகி, சத்துவாச்சாரி

மாமியார் வாக்கியத்தில் ‘கருப்பு’ பிரச்சினையில்லை, ‘இருந்தாலும்’ என்ற சொல்தான் பிரச்சினை. உங்கள் வாக்கியத்தில் அந்தச் சொல் இல்லை, ஆனால் குழந்தைக்கு அதே சொல்தான் கேட்கிறது. நிறத்தைப் பற்றிப் பேச்சு வந்த மறு நிமிடமே “மனசு அழகு” என்றால், “அப்போ முகம் இல்லையா” என்று எடுத்துக்கொள்ளும். உள்ளத்தின் அழகை ஆறுதல் பரிசாகக் கொடுக்கக் கூடாது.

மாமியாரைத் திருத்தப் புறப்பட வேண்டாம், வீட்டில் சண்டைதான் மிஞ்சும். “கருப்பாவும் கீறா, களையாவும் கீறா அத்தை” என்று சிரித்தபடி ஒரு ‘உம்’ சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். நாலு தடவை கேட்டால் அவருக்கே அது பழகிவிடும். மனசைப் பாராட்டுவதென்றால் நிறப்பேச்சு இல்லாத வேளையில், நடந்த காரியத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். “பக்கத்துல உக்காந்தவளுக்கு உன் தண்ணி பாட்டிலைக் குடுத்தியாமே, டீச்சர் சொன்னாங்க” என்றால் போதும். ‘நல்ல பொண்ணு’ என்ற பொதுப் பட்டத்தை விட இது நெடுநாள் நிற்கும்.

அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை நான். ஆண்டு விழாவுக்கு இந்தக் கதையை 20 நிமிட நாடகமாகப் போட ஆசை. 14 பிள்ளைகள் இருக்கிறார்கள், பணம் அதிகமில்லை. மிருகத்துக்கு முகத்தில் கரி பூசலாமா, முகமூடி வாங்கலாமா? எதை வெட்டலாம்?
– ஆசிரியை, ஆரணி

கரி வேண்டாம், கருப்பு மையும் வேண்டாம். அசிங்கமானவன் என்று காட்டக் கருப்பைப் பூசிவிட்டு, சாபம் நீங்கியதும் பவுடர் அப்பிய சிவந்த பையன் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துவது பள்ளி மேடைகளில் சகஜம். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நூறு கருத்த பிள்ளைகள் கதையின் நீதியைத் தலைகீழாகக் கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். முகமூடிக்கு உள்ளே இருந்தவனே கழற்றிவிட்டு வெளியே வரட்டும், எந்தப் பூச்சும் இல்லாமல். அழகி வேடத்துக்கும் வகுப்பிலேயே சிவப்பான பெண்ணைத் தேடாதீர்கள். குரல் எட்டும் பெண்ணாகப் பாருங்கள்.

முகமூடியை நீங்களே செய்யலாம். நெற்றியிலிருந்து மேலுதடு வரை மறைக்கும் அரை முகமூடியாக இருக்கட்டும். வாயையும் சேர்த்து மூடினால் வசனம் உள்ளேயே அமுங்கிப்போகும், பிள்ளைக்கும் மூச்சு முட்டும்.

பலகைமேல் களிமண்ணால் முக வடிவம் பிடியுங்கள். அளவு, போடப்போகிற பிள்ளையின் முகத்தைவிட எல்லாப் பக்கமும் ஒரு விரற்கடை கூடுதல். களிமண் மேல் முதலில் வெறும் தண்ணீரில் நனைத்த செய்தித்தாளை ஒட்டுங்கள். பசை வேண்டாம், அப்போதுதான் பிறகு களிமண்ணிலிருந்து பிரியும். பசைக்கு 100 கிராம் மைதாவை 150 மில்லி பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் அரை லிட்டர் தண்ணீரில் ஊற்றி, மூன்று நான்கு நிமிடம் கிண்டி, ஒரு ஸ்பூன் உப்புச் சேர்த்து ஆறவிடுங்கள். சுவரொட்டிப் பசையில் போடுகிற மாதிரி மயில்துத்தம் சேர்க்காதீர்கள், அது நஞ்சு, பிள்ளைகள் கையில் படக் கூடாது.

காகிதத்தைக் கத்தரிக்காமல் கையால் மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்குக் கிழியுங்கள். கத்தரித்த ஓரம் கோடு கோடாகத் தெரியும், கிழித்த ஓரம் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒரு அடுக்கு செய்தித்தாள், அடுத்தது புத்தகத்துக்கு அட்டை போடும் பழுப்புத்தாள் என்று மாற்றி மாற்றிப் போட்டால் எங்கே விட்டுப்போச்சு என்று பளிச்சென்று தெரியும். மொத்தம் ஆறு அடுக்கு, நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். ஒரேயடியாக ஆறையும் ஒட்டினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் தங்கும், மூன்றாம் நாள் பூஞ்சை நாற்றம் அடிக்கும். நம்ம ஊர் வெயிலை நம்பி முதல் நாளே வெளியில் வைத்தால் ஓரம் சுருண்டு கோணிக்கொள்ளும். நிழலில் காற்றாட விட்டு, கடைசி நாள் மட்டும் வெயிலில் வையுங்கள்.

கண் துளை மூன்று சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். சிறிதாக விட்டால் மேடை விளிம்பு தெரியாமல் பையன் கீழே விழுவான். உட்பக்கம் பழைய பருத்தித் துணி ஒட்டுங்கள். காதுக்கு மேலாக ஒரு அகல எலாஸ்டிக், தலைக்கு மேலாக இன்னொன்று. ஒன்று மட்டும் இருந்தால் வியர்வையில் மூக்குவரை வழுக்கிவிடும். வண்ணத்துக்குக் காவியும் பச்சையும், பிடரிமயிருக்குப் பிரித்த கோணிச் சாக்கு.

உங்கள் பக்கம் தெருக்கூத்து பூமி. கூத்துக்குப் பேர்போன புரிசை செய்யாறுக்குப் பக்கத்தில்தான். கூத்தில் வேடம் உள்ளே வரும்போது இரண்டு பேர் பிடிக்கும் திரையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மிருகம் முதலில் திரைக்குப் பின்னால் குரலாக வரட்டும், கை மட்டும் தெரியட்டும், பிறகு முகம். கதை சொல்லக் கட்டியங்காரன் இருந்தால் காட்சி மாற்ற நேரமே வேண்டாம்.

பிள்ளைகளைப் பங்கிட்டால்: வணிகர், அழகி, மிருகம், தேவதை, கட்டியங்காரன் ஆளுக்கொன்று. அக்காமார் இருவர், அண்ணன்மார் மூவர், மிச்சம் நால்வர் தோட்டம். திரை பிடிப்பது அண்ணன்மார் வேலை. நேரத்தில், கப்பல்கள் தொலைந்து வணிகர் நொடித்துப்போவதற்கு மூன்று நிமிடம், ரோஜாவுக்கு நான்கு. இரவு உணவுக்கு ஆறு நிமிடம், மூன்று முறை. அழகி வீடு திரும்புவதற்கு மூன்று, முடிவுக்கு நான்கு. மாளிகையின் பகட்டைக் காட்டும் வசனம், வாசிக்காத இசைக்கருவி, கண்ணாடி மந்திரம் எல்லாவற்றையும் வெட்டுங்கள். மூன்று உணவுக் காட்சிகளில் கைவைக்காதீர்கள். மிருகத்தின் கேள்வி மாறவே கூடாது. அழகி மூன்று முறையும் ‘முடியாது’ என்றுதான் சொல்கிறாள், ஆனால் முதல்முறை பயத்தில், இரண்டாவது தயக்கத்தில், மூன்றாவது வருத்தத்தில். ஒத்திகையில் பாதி நேரத்தை இதற்கே கொடுங்கள். முடிவில் கழற்றிய முகமூடியை அழகி கையில் கொடுங்கள், திரை விழும்வரை அவள் அதைக் கீழே வைக்க வேண்டாம்.

பிளஸ் டூ படிக்கும் மகள் இருக்கிறாள். “முரட்டுத்தனமானவனையும் அன்பால் மாற்றலாம்” என்று இந்தக் கதை பெண்பிள்ளைகளுக்குத் தப்பான நம்பிக்கை கொடுக்காதா?
– வாசகர், ராணிப்பேட்டை

உங்கள் கவலை நியாயமானது, ஆனால் அந்தப் பாடம் பெரும்பாலும் 1991ல் வந்த அமெரிக்க அனிமேஷன் படத்தால் ஒட்டிக்கொண்டது. அதில் மிருகம் கத்துகிறது, அடைத்து வைக்கிறது, அவள் பொறுமையில் திருந்துகிறது. போமோன் எழுதிய மிருகத்தின் குணம் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை மாறவே இல்லை. மாறுவது உடம்பு மட்டும். முதல் நாளே, “நீ சாப்பிடும்போது நான் இருக்கலாமா? இங்கே எஜமானி நீதான். தொந்தரவாக இருந்தால் சொல், போய்விடுகிறேன்” என்கிறது. ஒவ்வொரு இரவும் கேட்கிறது, மறுத்தால் பெருமூச்சுவிட்டுப் போய்விடுகிறது. மறுப்பதற்கு எந்தத் தண்டனையும் கிடையாது. மகளுக்கு இந்தக் கதை தரவேண்டிய அளவுகோல் இதுதான்: ‘முடியாது’ என்று சொன்ன பிறகு அவன் எப்படி நடந்துகொள்கிறான்?

மூலக்கதையும் அப்பழுக்கில்லாதது இல்லை. அப்பாவின் உயிரைப் பணயம் வைத்துத்தான் மிருகம் அவளை வரவழைக்கிறது. ஊருக்குப் போக அனுமதி கேட்கும்போது, “நீ போய் அங்கேயே இருந்துவிடுவாய், நான் துக்கத்தில் செத்துப்போவேன்” என்கிறது. கதையில் அது உருக்கமாக இருக்கலாம். நேரில் ஒரு பையன் “நீ வரலன்னா செத்துடுவேன்” என்று சொன்னால் அது மிரட்டல்தான், அவனைக் காப்பாற்றுவது அவள் பொறுப்பில்லை, உடனே பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். இதை மகளிடம் இப்படியே, சுற்றி வளைக்காமல் பேசுங்கள். “அப்படி ஏதாவது நடக்குதா?” என்று விசாரணை தொடங்கினால் வாயைத் திறக்கமாட்டாள், கதாபாத்திரத்தை வைத்துப் பேசினால் பேசுவாள். 18 வயதுக்குக் கீழே இருந்தால் 1098, பெண்களுக்கு 181 என்ற உதவி எண்களும் அவளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

என் மகனுக்கு வாயைச் சுற்றியும் கண் ஓரத்திலும் வெண்புள்ளி. வகுப்பில் இந்தக் கதையைச் சொன்ன ஆசிரியர், “இவனும் அந்த மாதிரிதான், உள்ளே தங்கமான பையன்” என்றாராம். அன்றிலிருந்து பிள்ளைகள் ‘மிருகம்’ என்று கூப்பிடுகிறார்கள். பக்கத்தில் உட்காரவும் தயங்குகிறார்கள்.
– வாசகி, குடியாத்தம்

ஆசிரியர் நல்ல எண்ணத்தில் சொல்லியிருப்பார், ஆனால் இந்தக் கதையை இதைவிட மோசமாகப் பயன்படுத்த முடியாது. நிஜப் பிள்ளை ஒருவனை மிருகத்தின் இடத்தில் நிறுத்தினால் கேட்பவர்கள் மனதில் தங்குவது மிருகம்தான், தங்கம் இல்லை. அதோடு கதையில் அந்த முகம் ஒரு சாபம், நல்லவனானால் நீங்கிவிடும். உங்கள் மகனின் தோல் யாருடைய சாபமும் இல்லை, அவன் நல்லவனாக இருந்து அதை நீக்க வேண்டியதும் இல்லை.

ஆசிரியரைத் தனியே பாருங்கள். மகனுக்கு முன்னால் வேண்டாம். கேட்க வேண்டியவை இரண்டு: இனி எந்தப் பாடத்திலும் அவனை உதாரணம் காட்டக் கூடாது, ‘மிருகம்’ என்ற பெயர் வகுப்பில் நிற்க வேண்டும். வெண்புள்ளியைப் பற்றி வகுப்புக்கு விளக்குவதானால் மகனிடம் முதலில் கேட்டுவிட்டு, அவன் விரும்பினால் அவன் இல்லாத நேரத்தில் இரண்டு நிமிடம் பேசலாம். தோலுக்கு நிறம் கொடுக்கும் அணுக்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுவதால் வருவது இது. தொட்டாலும் ஒட்டாது, கூடச் சாப்பிட்டாலும் ஒட்டாது. அவ்வளவுதான் விஷயம். ‘வெண்குஷ்டம்’ என்ற பழைய சொல்லை யாரும் வாயில் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குஷ்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பக்கத்தில் உட்காரும் பயத்துக்குப் பாதிக் காரணம் அந்தப் பெயர்தான்.

அந்தப் பயம் குஷ்டத்துக்கே பொருந்தாது என்பதை உலகத்துக்குக் காட்டிய ஊர்களில் ஒன்று நம் ஊர். டாக்டர் பால் பிராண்ட் 1940களின் பிற்பகுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தத் தொடங்கினார். விரல் தானாக அழுகி விழுவதில்லை, நரம்பு செத்து வலி தெரியாததால் சூடும் வெட்டும் பட்டுச் சிதைகிறது என்று நிறுவியவர்களில் அவர் முக்கியமானவர். 1955ல் வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரியில் தொழுநோய்க்கென்றே ஆய்வு நிலையம் வந்தது. இன்று கூட்டு மருந்தை 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் நோய் குணமாகிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம். இத்தனைக்குப் பிறகும் ஒருவர் முகத்தைப் பார்த்து ஒதுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பழக்கத்துக்குத்தான் கூட்டு மருந்து இல்லை.

மகனுக்கு மூன்று சின்ன வாக்கியம் பழக்கிவிடுங்கள்: “இது வெண்புள்ளி. ஒட்டாது. வா, ஆடலாம்.” என்னவென்று சொல்லி, பயத்தைப் போக்கி, பேச்சை மாற்றிவிடுகிறது. வீட்டில் நீங்கள் புதுப் பையன் மாதிரி நடித்து நாலைந்து முறை கேளுங்கள், நாக்குக்குப் பழகும். கெட்ட எண்ணத்தோடு சீண்டுகிறவனிடம் இது பலிக்காது. அதை ஆசிரியரிடம் சொல்வது கோள்மூட்டுவது இல்லை என்றும் சொல்லிவையுங்கள். வெண்புள்ளி உள்ள இடம் வெயிலில் சீக்கிரம் கருகிக் கொப்பளிக்கும் என்பதால் தொப்பியும் தோல் மருத்துவர் சொல்லும் வெயில் பூச்சும் வேண்டும். மறைக்கப் போடச் சொல்கிறோம் என்று அவன் நினைத்துவிடாமல் காரணத்தைச் சொல்லியே போடுங்கள்.

பிரெஞ்சுக் கதை எதற்கு? நம்மிடம் இல்லாததா?
– வாசகர், ஆம்பூர்

இருக்கிறது. ஆனால் அவை இதே கதையின் தமிழ் நகல் இல்லை.

நளன் கதை கிட்டத்தில் வரும். கார்க்கோடகன் கடித்ததும் நளன் உருமாறி வாகுகனாகிறான், இருதுபன்னனிடம் தேரோட்டியாகவும் சமையற்காரனாகவும் வேலை பார்க்கிறான். தமயந்தி அவனைக் கண்டுபிடிப்பது முகத்தால் அல்ல. தேர் வந்த வேகம், சமைத்த பதார்த்தத்தின் சுவை, பிள்ளைகளைக் கண்டதும் அவன் கலங்கியது என்று ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் முடிவுக்கு வருகிறாள். ‘உள்ளே என்ன இருக்கிறது’ என்று ஊகிக்காமல் கைவேலையைப் பார்க்கிறாள். பிள்ளைகளுக்குச் சொல்ல எங்களுக்கு இதுதான் பிடித்தமானது, துப்பறியும் கதை மாதிரி போகும்.

மிருகக் கணவன் வேண்டுமென்றால் பஞ்சதந்திரத்தில் பாம்புப் பிள்ளை உண்டு. அங்கே சாபம் தீர்வது பெண்ணின் அன்பால் அல்ல, அவன் கழற்றிவைத்த சட்டையை அப்பா தீயில் போட்டுவிடுகிறார்.

இரண்டையும் தலைகீழாகப் புரட்டிப்போடுவது காரைக்கால் அம்மையார். கணவன் விலகியதும், அவனுக்காகத் தாங்கிய இந்த அழகுச் சதை இனி வேண்டாம் என்று இறைவனிடம் கேட்டுப் பேயுருவம் பெற்றவர். பாடல்களில் தன்னையே ‘காரைக்காற் பேய்’ என்று சொல்லிக்கொள்கிறார். இந்தக் கதையில் பேயுருவம் கடைசியில் அழகாக மாறுவதில்லை, மாற வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதுமில்லை. அவர் இறைவன் ஆடலைக் கண்டு பாடிய திருவாலங்காடு அரக்கோணத்துக்குப் பக்கம்தான், ரயிலில் போய்வரலாம். காட்பாடி வாசகியின் மகளையும் ஒருநாள் கூட்டிப்போகலாம்.

‘உருவுகண்டு எள்ளாமை வேண்டும்’ என்ற குறளைப் பலர் எழுதியிருந்தீர்கள். அது எந்த அதிகாரம் என்று பாருங்கள்: வினைத்திட்பம். அழகைப் பற்றிய அதிகாரமே இல்லை. உருளும் பெரிய தேருக்கு அச்சாணி போன்றவர் என்கிறார் வள்ளுவர். அடுத்த தேர்த் திருவிழாவில் தேர் புறப்படும் முன் பிள்ளையைக் குனியவைத்து அச்சாணியைக் காட்டிவிட்டுக் குறளைச் சொல்லுங்கள். வடம் இழுக்க ஆரம்பித்தபின் கிட்டே கூட்டிப்போகாதீர்கள்.

கதையின் முடிவில் அக்காமார் இருவரும் சிலையாகிவிடுகிறார்களாமே, குழந்தைகளுக்கு இது ரொம்பக் கொடூரம் இல்லையா?
– வாசகி, வாணியம்பாடி

கொடூரம்தான். உயிரும் நினைவும் உள்ளே இருக்க, உடம்பு மட்டும் கல்லாகி, தங்கை வாழ்வதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தங்கள் குற்றத்தை உணர்ந்தால் விடுதலை. கர்வம், கோபம், சோம்பல் எல்லாம் திருந்தலாம், பொறாமை பிடித்த மனம் திருந்துவது அதிசயம் என்கிறாள் தேவதை. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விட்டுவிடுங்கள், கதை குறையாது. பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லலாம், அவர்கள் இதைவிடப் பயங்கரமான தண்டனைகளை விளையாட்டில் தாங்களே கற்பித்துக்கொள்கிறவர்கள்தான்.

ஆனால் தங்கை மிருகத்திடம் புறப்படும்போது அக்காமார் கண்ணில் வெங்காயம் தேய்த்துக்கொண்டு அழும் இடத்தை எந்த வயதுக்கும் விடாதீர்கள். ஒரு சின்ன வெங்காயத்தை உரித்துக் கையில் கொடுத்தபடியே சொன்னால் பொய்க் கண்ணீர் எப்படி வருகிறது என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். பிறகு கையைக் கழுவச் சொல்லுங்கள், கழுவாமல் நிஜமாகவே கண்ணைக் கசக்கிக்கொள்ளும்.